வடக்கு வீதியும் வடக்கே போகும் வீதியும்

"தமிழில் யோசிக்காதே, இங்கிலீஷிலேயே யோசி!"

சென்னையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர்கள் முதல் நாளே எடுத்து விடும் பிரம்மாஸ்திரம் இது. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.காம். சேர்ந்த பையனிடம் இதைச் சொல்வது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு "மீன் மாதிரி யோசி" என்று மேலே நின்று கத்துவதற்குச் சமம். யோசிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் கையில் இருந்தால் அவன் எதற்கு ஃபீஸ் கட்டி வந்து உட்காருகிறான்?

இந்த உபதேசம் உதவாது என்பதோடு நின்றால் கூடப் பரவாயில்லை. இது தப்பு. அதை நிரூபிக்க ஷேக்ஸ்பியர் வரைக்கும் போக வேண்டாம். அப், டவுன், பேக், ஹோம், நார்த், அஹெட் என்று இருக்கிற துக்கடா வார்த்தைகளே போதும். திசை காட்டும் இந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்து உட்காரும்போது, அங்கே என்ன நடக்கிறது என்பது தமிழில் யோசிக்கிறவனுக்குத்தான் முதலில் புரியும். யோசிக்க விட்டால்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆழ்வார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மியூசிக் அகாடமிக்குப் போக வேண்டும். டி.டி.கே. சாலையைப் பிடித்து வடக்கே நடந்தால் வந்துவிடும். இதை ஆங்கிலத்தில் "டேக் தி ரோட் நார்த்" என்பார்கள். ரோட் என்பது பெயர்ச்சொல். அதற்குப் பின்னால் நார்த். ஏன் பின்னால்? "நார்த் ரோட்" என்று முன்னால் போட்டால் என்ன கெட்டுவிடும்?

வழியே கெட்டுவிடும். பக்கத்திலேயே மயிலாப்பூரில் இதற்கு உதாரணம் இருக்கிறது. கபாலீஸ்வரர் கோயிலின் வடக்கு மாட வீதி கோயிலுக்கு வடக்குப் பக்கம் இருக்கிறது. ஆனால் அது ஓடுவது கிழக்கு மேற்காக. அதில் காலை முதல் மாலை வரை நடந்தாலும் வடக்கே போய்ச் சேர முடியாது. டி.டி.கே. சாலையின் பெயரில் எந்தத் திசையும் இல்லை (பழைய பெயரான மௌப்ரேஸ் ரோடிலும் இல்லை). ஆனால் அது ஓடுவது தெற்கு வடக்காக. முதலாவது வடக்கு வீதி. இரண்டாவது வடக்கே போகும் வீதி. பெயருக்கு முன்னால் வந்த நார்த், தெருவின் அடையாளத்தைச் சொல்கிறது. பெயருக்குப் பின்னால் வந்த நார்த், தெரு போகும் திசையைச் சொல்கிறது.

இந்த வித்தியாசத்தைத் தமிழ் ஒரே ஒரு ஏகாரத்தில் காட்டிவிடுகிறது பாருங்கள். வடக்கு, வடக்கே. ஐந்து வயதுக் குழந்தை கூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. அப்படியென்றால் "நார்த் ஸ்ட்ரீட்" வேறு, "தி ஸ்ட்ரீட் நார்த்" வேறு என்று புரியவைக்க வகுப்பில் எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் தமிழில் பேச வேண்டும். அதுதானே அங்கே மகா பாவம்!

தமிழுக்குப் பதிலாக வகுப்பில் கிடைப்பது ஒரு சூத்திரம். "அட்வெர்ப் என்பது வினையை விளக்கும், அட்ஜெக்டிவை விளக்கும், இன்னொரு அட்வெர்பை விளக்கும்." 1930களில் வெளிவந்து இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் முதல் தெருமுனைக் கடையில் தொங்கும் கைடு வரை இந்த மூன்றும்தான் பிரதானம். இதைத் தாண்டிய நுணுக்கங்கள் தடிமனான நூல்களின் ஓரத்தில் கிடக்கலாம். வகுப்பறைக்குள் வந்து சேர்வது இந்த மூன்று மட்டுமே. மூன்றிலும் பெயர்ச்சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மாணவன் முன்னால் "தி வே ஹோம்" என்று வருகிறது. ஹோம் இங்கே எதை விளக்குகிறது? வே என்பதை. வே என்பது பெயர்ச்சொல். சூத்திரப்படி இது நடக்கவே கூடாது. பையனுக்கு இரண்டே வழிதான். ஒன்று, கண்ணுக்கு முன்னால் இருக்கிற சரியான ஆங்கிலத்தைத் தப்பு என்று நினைக்க வேண்டும். அல்லது சூத்திரத்தைக் காப்பாற்ற நடுவில் ஒரு "டு" சேர்த்து "தி வே டு ஹோம்" என்று எழுத வேண்டும். பிழை கண்டுபிடிக்கும் கேள்வி வருகிற போட்டித் தேர்வில் இரண்டுமே மார்க்கைத் தின்றுவிடும். நன்றாகப் படித்தவன்தான் இதில் மாட்டுவான் என்பதுதான் கொடுமை. படிக்காதவன் காதுக்குச் சரியாகப் பட்டதை டிக் அடித்துவிட்டுப் போய்விடுவான்.

சூத்திரம் ஓட்டை என்பதற்கு இன்னொரு சோதனை. "தி டிரைவ் ஹோம்" சரி. "தி டிரைவ் குயிக்லி" தப்பு, "தி குயிக் டிரைவ்" என்றுதான் வர வேண்டும். ஹோம், குயிக்லி இரண்டும் அட்வெர்ப் என்று ஒரே டப்பாவில் போட்டு மூடியாயிற்று. ஆனால் ஒன்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் சௌகரியமாக உட்காருகிறது, இன்னொன்றுக்கு அந்த இடமே கிடையாது. ஒரே டப்பாவில் இருக்கிற இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்றால் தப்பு டப்பாவில்தானே?

இதைக் கவனித்தவர்கள் இல்லாமல் இல்லை. டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924லேயே, அட்வெர்ப், ப்ரிபொசிஷன் என்று தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதே தேவையற்றது என்று வாதிட்டார். ராண்டால்ஃப் குவர்க் குழுவினர் 1985ல் கொண்டுவந்த பெரிய ஆங்கில இலக்கணம், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் அட்வெர்ப் வந்து அதை விளக்குவதைச் சாதாரண அமைப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. ராட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் இருவரும் 2002ல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போய், ஹோம், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் போன்றவை அட்வெர்ப்பே அல்ல, பின்னால் பெயர் தேவைப்படாத ப்ரிபொசிஷன்கள் என்று வகைப்படுத்திவிட்டது. "இன்சைட் தி பாக்ஸ்" என்பதில் இருப்பதும் "கோ இன்சைட்" என்பதில் இருப்பதும் ஒரே சொல்தான், ஒன்றில் துணைக்குப் பெயர் இருக்கிறது, மற்றதில் இல்லை, அவ்வளவே என்பது அவர்கள் பார்வை.

இதைப் படித்து வெள்ளைக்காரன் ஆச்சரியப்படலாம். தமிழனுக்கு என்ன ஆச்சரியம்? "பெட்டிக்கு உள்ளே" என்கிறோம். "உள்ளே வா" என்கிறோம். மேசை மேலே, மேலே போ. வீட்டுக்கு வெளியே, வெளியே நில். அதே சொல்தான் பெயரோடும் வருகிறது, தனியாகவும் வருகிறது. தொல்காப்பியம் மேல், கீழ், முன், பின், உள், புறம், வலம், இடம் எல்லாவற்றையும் ஏழாம் வேற்றுமையோடு சேர்த்தே பட்டியல் போடுகிறது. வேற்றுமை என்றால் பெயரோடு சம்பந்தப்பட்ட விஷயம். திசைக்கும் பெயருக்கும் உறவே கிடையாது என்கிற சூத்திரம் தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இயல்பாகவே இடிக்க வேண்டும். இடிக்காமல் போவதற்குக் காரணம், அந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வதுதான்.

இனி முக்கியமான இடம். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் திசைச் சொல் வருவதில் இரண்டு வகை இருக்கிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆங்கிலத்துக்குள்ளேயே நின்று பார்த்தால் பிரித்தறிவது கஷ்டம். தமிழில் போட்டால் பட்டென்று பிரிந்துவிடும்.

முதல் வகை: "டூ ஃப்ளோர்ஸ் அப்", "ஃபைவ் கிலோமீட்டர்ஸ் சவுத்", "ஃபிஃப்டி ரன்ஸ் அஹெட்". தமிழில்: ரெண்டு மாடி மேலே, அஞ்சு கிலோமீட்டர் தெற்கே, அம்பது ரன் முன்னாடி. வரிசை அப்படியே இருக்கிறது, ஒரு சொல் கூட இடம் மாறவில்லை.

இரண்டாம் வகை: "தி ரோட் நார்த்", "தி பஸ் பேக்", "தி ஸ்டெப்ஸ் டவுன்". தமிழில்: வடக்கே போற ரோடு, திரும்பி வர்ற பஸ், கீழே இறங்குற படி. எல்லாம் தலைகீழாகிவிட்டது. கூடவே போற, வர்ற, இறங்குற என்று ஒரு பெயரெச்சமும் வந்து சேர்ந்துகொண்டது.

ஏன் இப்படி? முதல் வகையில் தலைமைச் சொல் திசைதான். அப் என்பதுதான் விஷயம், எவ்வளவு அப் என்பதற்கு அளவு சொல்ல டூ ஃப்ளோர்ஸ் முன்னால் வருகிறது. அளவு முன்னால் வருவது இரண்டு மொழிக்கும் பொது. இரண்டாம் வகையில் தலைமைச் சொல் ரோட். எந்த ரோட் என்று அடையாளம் காட்ட நார்த் பின்னால் வருகிறது. தமிழில் அடைமொழி எதுவாக இருந்தாலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். அதனால் அங்கே புரண்டுவிடுகிறது.

ஆக ஒரு மாணவனுக்குத் தேவை இரண்டே கேள்வி. பெயர்ச்சொல் "எவ்வளவு?" என்பதற்குப் பதில் சொல்கிறதா? தமிழ் வரிசையிலேயே எழுது. திசைச் சொல் "எந்த?" என்பதற்குப் பதில் சொல்கிறதா? வரிசையைப் புரட்டு, "போகிற", "வருகிற" என்பதை முழுங்கிவிடு. முடிந்தது. எந்த கைடிலும் இவ்வளவு சுருக்கமாக இதைப் போடுவதில்லை, ஏனென்றால் இது தமிழ் தெரிந்தவனுக்கு மட்டுமே பயன்படும் விதி. தமிழ்நாட்டில் விற்கிற கைடில் அது ஏன் இல்லை என்று கேட்பதில் என்ன தப்பு?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாக உறைக்க வேண்டும். ப்ளஸ் ஒன்னில் லெட்ஜர் போட ஆரம்பித்த நாள் முதல் "பேலன்ஸ் சி/டி", "பேலன்ஸ் பி/டி" என்று எழுதிக் கை தேய்ந்திருக்கிறது. விரித்தால் பேலன்ஸ் கேரீட் டவுன், பேலன்ஸ் பிராட் டவுன். பக்கம் மாறினால் கேரீட் ஃபார்வர்ட், பிராட் ஃபார்வர்ட். பெயர்ச்சொல், அதற்குப் பின்னால் எச்சம், கடைசியில் திசை. தமிழ் மீடியக்காரர்கள் இதையே "இருப்பு கீ/இ", "இருப்பு கீ/கொ" என்று எழுதினார்கள். கீழ் இறக்கப்பட்டது, கீழ் கொண்டுவரப்பட்டது. டவுன் என்றால் கீழ், அது இறக்கப்பட்டதோடு சேர்ந்து இருப்பைப் பற்றிச் சொல்கிறது என்று தமிழ் மீடியப் பையனுக்கு எழுத்திலேயே தெரிந்திருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் பலருக்கு சி/டி என்பது வெறும் குறி. கேரீட் வெளிப்படையாக நிற்கும் "பேலன்ஸ் கேரீட் டவுன்" புரிந்தால், "போகிற" மறைந்து நிற்கும் "ரோட் நார்த்" புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அக்கவுண்டன்சி வகுப்பில் கையில் இருந்ததை இங்கிலீஷ் வகுப்பில் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

தெரு கிரிக்கெட்டையும் விட்டுவிடக் கூடாது. "நான்தான் ஒன் டவுன்" என்று சண்டை போடாத பையன் எந்தத் தெருவிலாவது உண்டா? ராகுல் திராவிட் டெஸ்டில் பெரும்பாலும் ஒன் டவுன் ஆடினார் என்பதில் எவனுக்கும் இலக்கணச் சந்தேகம் வந்ததில்லை. "ஒன்" என்பதற்குப் பின்னால் டவுன் வரலாமா, சூத்திரம் அனுமதிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. புரிந்ததை விளையாட்டில் சரியாகப் பயன்படுத்தினான். வகுப்புக்குள் வந்ததும் பயந்துவிட்டான். கோளாறு பையனிடமா, வகுப்பிடமா?

இப்போது எதிர்த்தரப்பு வாதங்கள்.

"இதெல்லாம் நாலைந்து சொற்றொடர். மனப்பாடம் செய்தால் போதும்." நாலைந்தா? தி ஜர்னி பேக், தி ஃப்ளைட் ஹோம், தி கிளைம்ப் அப், தி பாத் த்ரூ, தி பீப்பிள் அப்ஸ்டேர்ஸ், தி ஹவுஸ் ஆப்போசிட், தி ஃப்ளோர் பிலோ, தி இயர்ஸ் அஹெட், தி டே ஆஃப்டர்... நாளைக்கே யாராவது புதிதாக ஒன்று சொல்வார்கள், அதுவும் சரியாகத்தான் இருக்கும். முடிவில்லாத பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது சொல்லித் தரத் தெரியாதவர்களின் தப்பிக்கும் வழி.

"தமிழில் யோசிப்பதால்தான் ‘கோ டு ஹோம்’, ‘கோ டு அப்ராட்’ என்று உளறுகிறார்கள்." இது கொஞ்சம் பலமான வாதம். பாதி உண்மையும் கூட. வீட்டுக்கு, வெளிநாட்டுக்கு என்பதில் இருக்கிற "கு"தான் "டு" ஆகி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மருந்தும் தமிழிலேயே இருக்கிறதே! வெளியே போனான், உள்ளே வந்தான், மேலே ஏறினான். இவற்றில் "கு" எங்கே? "வெளியேக்குப் போனான்" என்று யாராவது சொல்வார்களா? ஹோம் என்பதை வீடு என்று சொல்லிக் கொடுத்ததுதான் முதல் தப்பு. ஹவுஸ்தான் வீடு. இந்த இடத்தில் ஹோம், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் எல்லாம் "வெளியே" குடும்பத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்கு டு தேவையில்லை என்று ஒரு வரி சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. "கோ நார்த்" என்றால் வடக்கே போ, "கோ டு தி நார்த்" என்றால் வடக்குக்குப் போ. இரண்டு மொழியிலும் அச்சு அசலாக ஒரே வித்தியாசம். அரைகுறையாகத் தமிழில் யோசித்ததால் வந்த பிழை, முழுசாகத் தமிழில் யோசித்தால் போய்விடும்.

"தமிழ் எல்லா இடத்திலும் கை கொடுக்காதே?" கொடுக்காதுதான். "டூ ஸ்ட்ரீட்ஸ் டவுன்" என்பதை ரெண்டு தெரு கீழே என்று மொழிபெயர்த்தால் ஆழ்வார்பேட்டையில் எவனும் வீடு போய்ச் சேர மாட்டான். சென்னை தட்டையான ஊர், கீழே என்று ஒன்று கிடையாது. அங்கே டவுன் என்றால் நம்மூர் "தள்ளி". ரெண்டு தெரு தள்ளி. ஆனால் இந்த ஆபத்தைக் கூட இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தானே காட்ட முடிகிறது? எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று காட்டுவதற்குப் பெயர்தான் சொல்லிக் கொடுப்பது.

கடைசியாக, கிண்டல். "பஸ் ஸ்டாண்ட் பேக்சைட்" என்று ஒருவன் சொன்னால் போதும், பீட்டர் கோஷ்டி விழுந்து விழுந்து சிரிக்கும். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குப் பிட்டம் என்று அர்த்தமாம். சரி, சிரித்தாயிற்று. சிரித்தவர்களில் யாராவது அவன் என்ன செய்தான் என்று பார்த்தார்களா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி என்கிற தமிழ் வரிசையை அப்படியே வைத்து, சொற்களை மட்டும் ஆங்கிலமாக்கியிருக்கிறான். பெயர் முன்னால், இடம் பின்னால். மேலே சொன்ன முதல் வகையில் இதே முறை சரியாக வேலை செய்திருக்கும். இங்கே பிஹைண்ட் பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. அதற்குப் பதிலாகச் சிரித்ததால், அவன் அடுத்த குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்க மாட்டான். கேம்பஸ் இன்டர்வியூவில் "கம்யூனிகேஷன் ஸ்கில் போதாது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அக்கவுண்ட்ஸில் புலியாக இருப்பான், கணக்கு தப்பாது. வேலை வேறு யாருக்கோ போகும்.

ஒரு நாலெழுத்து வார்த்தையை எங்கே வைப்பது என்கிற கேள்வியின் விலை அது. விளையாட்டு இல்லை.

கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. மூன்று விஷயம். அட்வெர்ப் சூத்திரத்தில் திசை, இடச் சொற்களுக்கு விலக்கு உண்டு, அவை பெயரையும் விளக்கும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். "எவ்வளவு?", "எந்த?" என்கிற இரண்டு கேள்வியையும் தமிழிலேயே சொல்லித் தர வேண்டும். தமிழ் பேசினால் ஃபைன் என்கிற போர்டை இங்கிலீஷ் வகுப்பிலிருந்தாவது கழற்ற வேண்டும். இதற்கு ஒரு பீரியட் போதும், புது புத்தகம் கூட வேண்டாம்.

அதுவரை, எவராவது "தமிழில் யோசிக்காதே" என்று ஆரம்பித்தால் எழுந்து நின்று மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "சார், தி வே ஹோம் என்பதில் ஹோம் எந்தச் சொல்லை விளக்குகிறது?"

பதில் வரும்வரை உட்கார வேண்டாம்.